காடு திருத்தியவரின் மகள்

2023 ஜூலை 26 அன்று, சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் கதிர் விடும் பருவத்தில் நின்ற நெல்வயலுக்குள் பொக்லைன் எந்திரங்கள் இறங்கின. நெய்வேலி இரண்டாம் சுரங்கத்தின் விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றை நிரந்தரமாகத் திருப்பிவிடும் கால்வாய் வெட்டும் வேலை அது. சுற்றிலும் போலீஸ் காவல். 2006 முதல் 2013 வரையிலேயே நிலத்தைக் கையகப்படுத்தி இழப்பீடும் கொடுத்துவிட்டோம் என்றது என்எல்சி நிறுவனம். கொடுத்த தொகை போதாது, வீட்டுக்கு ஒரு நிரந்தர வேலை வேண்டும், விளைந்த பயிரை அறுக்கவாவது விட்டிருக்க வேண்டும் என்றார்கள் உழவர்கள். இரண்டு நாள் கழித்து நெய்வேலியில் பாட்டாளி மக்கள் கட்சி நடத்திய முற்றுகை கல்வீச்சிலும், வானத்தை நோக்கிய துப்பாக்கிச் சூட்டிலும் போய் முடிந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி எம். தண்டபாணி வள்ளலாரை நினைவுகூர்ந்து, அழிக்கப்பட்ட பயிருக்காக வருந்தினார். பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரவும் பின்னர் உத்தரவானது.

அந்த நாட்களில் வந்த செய்திகளையும் அறிக்கைகளையும் இன்று திரும்பப் படித்தால், அவற்றில் பேசப்படுபவர்கள் பெரும்பாலும் ‘நில உரிமையாளர்’ என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகிறார்கள். பட்டாவில் பெயர் உள்ளவர், அவருடைய மகன், மகனுக்கு வேண்டிய வேலை என்று பேச்சு அந்த வரிசையில்தான் நகர்கிறது. அதே வயலில் நாற்றுப் பிடுங்கி, நட்டு, களையெடுத்து, கதிர் அறுத்து வளர்ந்த அந்த வீட்டுப் பெண்ணுக்கு அந்தக் கணக்கில் எந்த இடம்? இந்தக் கட்டுரை தேடுவது அவளைத்தான். தரிசை விளைநிலமாக்கிய குடும்பங்களில் மகளாகப் பிறந்தவளின் வாழ்வு வேறு நாடுகளில் எப்படிப் பதிவாகியிருக்கிறது, நம் சட்டம் அவளை எப்போது கண்டுகொண்டது, நெய்வேலி நிலத்தில் அந்தச் சட்டம் அவளுக்கு ஏன் எட்டவில்லை என்பவையே என் கேள்விகள்.

வளையமாதேவியின் சுற்றுவட்டாரம் புதிதாகத் திருத்தப்பட்ட பூமியல்ல. அருகிலுள்ள வீராணம் ஏரி பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்டது. கிழக்கே போகப் போக ஆற்று வண்டல். நெல்லும் உளுந்தும் கரும்பும். மேற்கே நெய்வேலி, விருத்தாசலம் பக்கம் செம்மண் மேடு. அங்கே கொல்லைகள், முந்திரி, பலா, மல்லாட்டை. சுரங்கம் முதலில் விழுங்கியது மேற்கத்திச் செம்மண்ணை. கிழக்கே நகர்ந்து நகர்ந்து இன்று வண்டலின் விளிம்புக்கு வந்து நிற்கிறது.

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் துளைபோட்டபோது நீரோடு கரிய பொருள் வெளிவந்தது என்ற கதை நெய்வேலியில் அறியாதவர் இல்லை. அவர் பெருமளவு நிலத்தைக் கொடையாகக் கொடுத்ததும் உடன் சொல்லப்படும். 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் (என்எல்சி) பதிவானது. 1957 மே 20 அன்று ஜவஹர்லால் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படிவம் வெளிப்பட்டது. 1962இல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. மேல்மண்ணை அகற்ற ஜெர்மனியிலிருந்து ராட்சத சக்கர எந்திரங்கள் வந்தன. கரிப் படிவத்துக்குக் கீழே அழுத்தத்தில் கிடக்கும் ஊற்று நீர் சுரங்கத்தின் அடித்தளத்தைப் பிளந்துவிடாமல் இருக்க, அதை இரவும் பகலும் இறைத்துக் கொட்ட வேண்டியிருந்தது. இவையெல்லாம் நன்றாகவே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன.

எழுதப்படாதது அந்த மண்ணிலிருந்து எழுந்து போனவர்களின் கதை. முதல் சுரங்கத்துக்கும் நகரியத்துக்கும் ஊரைக் கொடுத்தவர்களில் ஒரு பகுதியினர் விருத்தாசலத்தை அடுத்த விஜயமாநகரம் போன்ற இடங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். பலர் கிடைத்த தொகையைக் கொண்டு வேறு ஊர்களில் மலிவாக வந்த மேட்டு நிலத்தை வாங்கினார்கள். மறுபடியும் முள்ளை வெட்டி, வேரைப் பறித்து, வரப்புப் போட்டு, கிணறு தோண்டி முதலிலிருந்து தொடங்கினார்கள். சொந்த மாவட்டத்துக்குள்ளேயே இவர்கள் முன்னோடிக் குடியேறிகள் ஆனார்கள். விருத்தாசலம் மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன் இவர்களை வைத்து ‘வந்தாரங்குடி’ என்ற நாவலை எழுதினார். அரசு ஆவணங்கள் தொடாமல் விட்ட இந்த வாழ்வை ஒரு நாவலாசிரியர் தொட்டார் என்பது தமிழுக்குக் கிடைத்த பேறு.

புது நிலத்தைத் திருத்துவதில் பெண்பிள்ளைகளின் பங்கு எவ்வளவு என்று விவசாயக் குடும்பத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். கல் பொறுக்குவதும், வெட்டிய முள்ளைக் கட்டி இழுப்பதும், கன்றுக்குக் குடத்தில் நீர் சுமப்பதும், தம்பி தங்கையை இடுப்பில் வைத்தபடி ஆடு மேய்ப்பதும் அவர்களுடைய வேலை. முந்திரி காய்க்கத் தொடங்கினால் கொட்டை பொறுக்குவதும் உடைப்பதும் அவர்கள் தலையில்தான் விழும். கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் விரல் தோலைப் பொசுக்கும். பண்ருட்டிப் பக்கத்துப் பெண்களின் கைகளைப் பார்த்தால் புரியும். பள்ளியை முதலில் விடுபவள் மூத்த மகள். பதினெட்டோ இருபதோ ஆனதும் கல்யாணம். அதோடு அவள் வேறு வீட்டுப் பெண். அவள் கைபட்டுத் திருந்திய நிலம் அண்ணன் தம்பி பெயரில் நிற்கும்.

இப்படியொரு மகளின் வாழ்க்கை முழுதாக எழுதப்பட்ட இடம் அமெரிக்கா. வடலூரில் வள்ளலார் தருமசாலையைத் தொடங்கிய அதே 1867ஆம் ஆண்டு பிப்ரவரி 7 அன்று, விஸ்கான்சின் மாநிலத்துக் காட்டோரக் குடிசை ஒன்றில் லாரா இங்கல்ஸ் பிறந்தாள். தகப்பன் சார்லஸ் இங்கல்ஸ், தாய் கரோலின். தகப்பனுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. 1869இல் கான்சஸுக்குப் போனார்கள். அது ஓசேஜ் பழங்குடியினருக்கு உரிய நிலம்; வெள்ளைக் குடியேறிகள் அங்கே வீடு கட்ட உரிமையே கிடையாது. 1871இல் அங்கிருந்து கிளம்பினார்கள். பிறகு மின்னசோட்டா, அங்கே வெட்டுக்கிளிக் கூட்டம் கோதுமையைத் தின்று தீர்த்தது. 1876இல் ஒன்பது மாதத் தம்பி இறந்தான். 1879இல் அக்காள் மேரி நோய்ப்பட்டுப் பதினான்கு வயதில் பார்வையிழந்தாள். அதே ஆண்டு டகோடா பிரதேசத்துக்கு வண்டி கட்டினார்கள். 1880–81இன் கொடும் பனிக்காலத்தில் ரயில் நின்று, ஊரே பட்டினியின் விளிம்புக்குப் போனது. மேரி பார்வையற்றோர் கல்லூரியில் படிக்கும் செலவுக்கு உதவ, பதினாறு நிறையுமுன்பே லாரா பள்ளிக்கூட ஆசிரியையாக வேலைக்குப் போனாள்.

அவர்களுக்கு நிலம் கிடைத்த வழி 1862 மே 20 அன்று ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம். ஐந்தாண்டு குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் சொந்தம். அந்தச் சட்டத்தில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: இருபத்தொரு வயது நிறைந்த, மணமாகாத பெண்ணும் தன் பெயரில் நிலம் கேட்கலாம். லாராவின் நாத்தனார் எலைசா ஜேன் வைல்டர் அப்படித் தன் பெயரில் நிலம் கோரிக் குடியேறியவர். மணமான பெண்ணுக்கு அந்த உரிமை கிடையாது, குடும்பத்தலைவன் பெயரில்தான். லாரா 1885இல், பதினெட்டு வயதில், அல்மான்சோ வைல்டரை மணந்துகொண்டார். அடுத்த நான்காண்டுகளில் கணவருக்குத் தொண்டை அடைப்பான் நோய், கைக்குழந்தையின் சாவு, தீயில் எரிந்த வீடு, தொடர்ந்த வறட்சி. 1894இல் ஒரே மகள் ரோஸோடு மிசூரிக்குப் போய், அங்கும் ஒரு மேட்டு நிலத்தைத் திருத்தினார்கள். அறுபதைத் தாண்டிய வயதில்தான் லாரா தன் வாழ்வை எழுதத் தொடங்கினார். முதல் புத்தகம் வந்தது 1932இல், அறுபத்தைந்து வயதில். 1930இல் எழுதிவைத்த தன்வரலாற்றுக் கையெழுத்துப்படி 2014இல்தான் அச்சேறியது.

அந்தப் புத்தகங்கள் இல்லாவிட்டால் சார்லஸ் இங்கல்ஸ் என்ற பெயர் நில அலுவலகப் பேரேட்டில் ஒரு வரியாக நின்றிருக்கும். மகள் எழுதியதால் ஒரு தலைமுறையே நமக்குத் தெரிய வந்தது. அவர் எதை எழுதாமல் விட்டார் என்பதும் இன்று பேசப்படுகிறது. குடியேறிகளின் துணிவைக் கொண்டாடிய அந்தக் கதைகளில் ஓசேஜ் மக்கள் அச்சமூட்டும் நிழல்களாக வருகிறார்கள். பழங்குடியினரையும் கறுப்பினத்தவரையும் சித்திரித்த முறைக்காக, அவர் பெயரிலிருந்த குழந்தை இலக்கிய விருதின் பெயரை அமெரிக்க நூலகர்கள் 2018இல் மாற்றினார்கள். அது சரியான முடிவென்றே நினைக்கிறேன். ஆனால் மறுவாசிப்புக்கும் கண்டனத்துக்கும் முதலில் ஒரு பதிவு வேண்டும். நெய்வேலி மண்ணில் மகள் எழுதிய அப்படியொரு பதிவே இல்லை.

ஈழத்தில் தமிழ்க் குடியேறிகளின் வரலாறு நமக்கு இன்னும் நெருக்கமானது. இரணைமடுக் குளத்தின் கீழே கிளிநொச்சி வயல்கள் உருவானது இருபதாம் நூற்றாண்டில். யாழ்ப்பாணத்து நிலமற்ற குடும்பங்கள் வன்னிக் காட்டை வெட்டிக் கழனியாக்கின. 1970களில் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பசியாலும் வன்முறையாலும் விரட்டப்பட்ட மலையகத் தமிழர்கள் வவுனியாவுக்கும் முல்லைத்தீவுக்கும் வந்தார்கள். எஸ்.ஏ. டேவிட்டும் மருத்துவர் ராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் அமைப்பு அவர்களைக் குடியமர்த்தியது. ராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார். கென்ட், டாலர் பண்ணைகளில் குடியிருந்த தமிழ்க் குடும்பங்கள் 1984இல் வெளியேற்றப்பட்டு, அங்கே சிங்களக் கைதிகள் கொண்டுவந்து குடியேற்றப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பர் 30 அன்று விடுதலைப் புலிகள் அந்தப் பண்ணைகளைத் தாக்கியபோது கொல்லப்பட்டவர்களில் எளிய மனிதர்களும் அடக்கம். புது நிலம் என்பது எத்தனை பேரின் ரத்தம் பட்டது என்பதற்கு அந்த இரண்டு பண்ணைகள் போதும்.

அங்கே அரசு நிலத்தில் முறையாக உத்தரவுப் பத்திரம் பெற்றுக் குடியேறிய குடும்பங்களை ஆண்டது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். உரிமையாளர் யாரையும் வாரிசாக நியமிக்காமல் இறந்தால், காணி யாருக்குப் போகும் என்று அதன் அட்டவணை வரிசைப்படுத்தியது. மகன் முதலில், மகள் பிறகு. ஒரே படியில் பலர் இருந்தால் மூத்தவருக்கு முன்னுரிமை. காட்டை வெட்டும்போது மகளின் கையை மறுக்காத அரசு, காணியைப் பிரிக்கும்போது அவளைப் பின்வரிசைக்குத் தள்ளியது. இந்த வரிசையில் ஆண் பெண் வேறுபாட்டை நீக்கிய திருத்தம் 2022இல்தான் வந்தது. எண்பத்தேழு ஆண்டுகள்! இதற்கிடையில் போரும் இடப்பெயர்வும் எத்தனையோ வீடுகளில் பெண்களையே குடும்பத்தலைவிகளாக்கிவிட்டன.

தமிழ்நாட்டில் இந்தச் சட்டக் கதை வேறு தடத்தில் போகிறது. நெய்வேலி நிறுவனம் பதிவான அதே 1956இல், ஜூன் 17 அன்று, இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தகப்பனின் தனிச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்றது. பூர்வீகச் சொத்தில் மட்டும் பிறப்புரிமை மகன்களுக்கே இருந்தது. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டுத் திருத்தம் மகளையும் கூட்டுரிமையாளராக்கியது. அந்தத் தேதிக்குமுன் மணமாகிப் போனவர்களைச் சேர்க்கவில்லை. 2005 செப்டம்பர் 9இல் மத்தியத் திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. தகப்பன் அன்று உயிரோடிருந்தாலும் இல்லாவிட்டாலும் மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று உச்சநீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் தெளிவாகச் சொன்னது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறைப்படி நடந்து முடிந்த பாகப்பிரிவினைக்கும் விற்பனைக்கும் மட்டும் விலக்கு உண்டு.

இந்தத் தேதிகளைச் சுரங்கத்தின் தேதிகளோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் சுரங்கத்துக்கான நிலம் 1950களிலும் அதை அடுத்தும் போனது. இரண்டாம் சுரங்கத்தின் தொடக்கப் பரப்பு 1989க்கு முன்பே போயிற்று. அப்போதெல்லாம் பூர்வீக நிலத்தில் மகளுக்குப் பிறப்புரிமை இல்லை. இழப்பீடு தகப்பன் கையில் பணமாக வந்தது. நிலமாக இருந்திருந்தால், தகப்பன் கண்மூடிய பிறகு 1956 சட்டத்தின்படி அவருடைய பங்கிலாவது மகளுக்கு ஒரு துண்டு சேர்ந்திருக்கும். பணம் அப்படிக் காத்திருப்பதில்லை. கடன் அடைக்கவும், வீடு கட்டவும், மூத்தவன் பெயரில் வேறு நிலம் வாங்கவும், அவளுடைய கல்யாணத்துக்குமே கரைந்துவிடும். சீர் செய்து கட்டிக்கொடுத்ததே அவள் பங்கு என்று கணக்கு முடிந்துவிடும். மகளுக்கு உரிமை தந்த சட்டம் வந்து சேர்ந்தபோது, அந்த உரிமையைக் கேட்க வேண்டிய நிலம் பெருங்குழியாகியிருந்தது. நெய்வேலிப் பெண்களின் இழப்பில் இதுவே அடிப்படையானது என்பது என் முடிவு. இதைப் பற்றி இங்கே நடந்த பேச்சு மிகக் குறைவு.

வேலையின் கதையும் இதை ஒட்டியதே. ‘நிலம் கொடுத்தவங்க’ என்ற அடையாளம் இந்த வட்டாரத்தில் ஒரு சமூகப் பிரிவாகவே ஆகியிருக்கிறது. வீட்டுக்கு ஒரு வேலை என்ற கோரிக்கையில் ‘வீடு’ என்றால் எல்லார் மனத்திலும் வருவது மகன். மகன் இல்லாத வீட்டில் மருமகன். பர்மனென்ட், சொசைட்டி, கான்ட்ராக்ட் என்று படிப்படியாகப் பிரிந்த அந்த வேலை உலகில், எந்திரம் ஓட்டவும் கன்வேயர் பெல்ட் பார்க்கவும் ஆண்களே கேட்கப்பட்டார்கள். வீட்டுப் பெண்களுக்குக் கிடைத்தது நகரியத்துக் குடியிருப்புகளில் வீட்டு வேலையும் துப்புரவு வேலையும்தான் என்றால் மிகையாகாது. நிலமில்லாத தலித் குடும்பத்துப் பெண்ணின் நிலை இதையும் விடக் கடினம். அவள் கூலிக்கு நட்ட வயல் போனது. பட்டாவில் அவளுக்கோ அவள் தகப்பனுக்கோ பெயரே இல்லாததால் இழப்பீட்டுப் பட்டியலிலும் அவள் இல்லை.

2013இல் நிறைவேறி 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலம் கையகப்படுத்தல் சட்டம் இதில் ஒரு திருப்பம். ‘குடும்பம்’ என்றால் யார் என்பதை அது புதிதாக வரையறுத்தது. விதவை, மணமுறிவு பெற்றவர், கைவிடப்பட்டவர் தனிக்குடும்பமாகக் கருதப்படுவர். வயது வந்த எவரும், ஆணோ பெண்ணோ, மணமானாலும் ஆகாவிட்டாலும், தனிக்குடும்பம். மூன்றாண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த கூலித் தொழிலாளரும் குத்தகையாளரும் பாதிக்கப்பட்ட குடும்பத்தில் சேர்கிறார்கள். அப்படிப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வேலை, அல்லது 5 லட்சம் ரூபாய், அல்லது இருபது ஆண்டுகளுக்கு மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாத தொகை என்கிறது அதன் இரண்டாம் அட்டவணை. இதன் பொருள் என்னவென்று வளையமாதேவி போன்ற ஊரில் ஒவ்வொரு திண்ணையிலும் சொல்லப்பட வேண்டும்: பாதிக்கப்பட்ட வீட்டில் இருபது வயது மகள் இருந்தால், பட்டியலில் அவள் தனி வரி. ஆனால் அங்கே கால்வாய் வெட்டப்பட்ட நிலம் 2006–2013 காலத்தில் எடுக்கப்பட்டது என்கிறது நிறுவனம். இந்த முறையும் சட்டம் நிலத்துக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

சட்டம் கையில் இருந்தாலும் வீட்டுக்குள் ஒரு தடை உண்டு. அதன் பெயர் விடுதலைப் பத்திரம். கூட்டுப் பட்டாவில் அக்காள் தங்கை பெயரையும் சேர்க்க வேண்டிய கட்டம் வந்தால், அண்ணன் தம்பி அவர்களைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போய், பங்கை விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்து வாங்குவது ஊரறிந்த வழக்கம். பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடக் கூடாது என்ற பயத்தில் பெண்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். மாமன் சீர், வளைகாப்பு, நாளை புருஷனோடு சண்டை வந்தால் போய் நிற்க ஒரு திண்ணை: இத்தனையும் அந்தக் கையெழுத்தில் அடகு. இந்தியாவில் பயிரிடப்படும் நிலக் கைப்பற்றுகளில் பெண்கள் பொறுப்பில் இருப்பவை 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி சுமார் 14 விழுக்காடுதான். வயல் வேலையில் பெண்களின் பங்கோடு இதை ஒப்பிட்டால் அந்தக் கையெழுத்துகளின் கனம் தெரியும்.

வேறு வழி இருந்தது என்பதற்குப் பக்கத்து டெல்டாவிலேயே சான்று உண்டு. 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணிக் கொடுமைக்குப் பிறகு அந்தப் பகுதிக்கு வந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் 1981இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நிலவுடைமையாளர்களிடம் பேசி, கடன் ஏற்பாடு செய்து, நிலத்தை வாங்கி, உழைத்த தலித் குடும்பங்களுக்கே பதிவு செய்துகொடுத்தார்கள். பத்திரம் பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும் என்பதில் கிருஷ்ணம்மாள் உறுதியாக இருந்தார். குடித்தோ கடன்பட்டோ ஆண் அதை விற்றுவிட முடியாது என்ற நடைமுறை அறிவு அது. இந்த வேலைக்காக அந்தத் தம்பதியருக்கு 2008இல் மாற்று நோபல் என்று அழைக்கப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது வழங்கப்பட்டது. மறுகுடியமர்வு மனைகளையும் நிலங்களையும் தொடக்கத்திலேயே பெண் பெயரிலோ, கணவன் மனைவி இருவர் பெயரிலோ எழுதியிருந்தால் நெய்வேலியின் கதை வேறாக இருந்திருக்கும். அதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகியிருக்காது.

சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பகுதி, மைக்கேல்பட்டி, வடசேரி ஆகிய நிலக்கரித் தொகுதிகளை ஏலப் பட்டியலிலிருந்து நீக்குவதாக ஒன்றிய அரசு 2023 ஏப்ரலில் அறிவித்தது. டெல்டாவுக்கு அது பெரிய ஆறுதல். பழைய சுரங்கங்களின் விரிவாக்கத்தை அந்த அறிவிப்பு தொடவில்லை. ஆகவே இந்த வட்டாரத்தில் நிலம் அளக்கப்படுவதும் பெயர்கள் எழுதப்படுவதும் இன்னும் நடக்கும்.

நேரு சுரங்கத்தைத் தொடங்கி வைத்தபோது பத்து வயதில் இருந்த ஒரு பெண்ணுக்கு இப்போது எண்பதை ஒட்டிய வயது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம், சொல்லத் தெரியும். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, விருத்தாசலத்தில் அரசுக் கலைக்கல்லூரி இருக்கிறது. தமிழும் வரலாறும் சமூகவியலும் படிக்கும் பிள்ளைகளில் பலர் இந்தக் குடும்பங்களிலிருந்தே வருகிறார்கள். அவர்கள் தங்கள் ஆயாக்களிடம் கேட்டு எழுத வேண்டியவை பல. பழைய ஊரில் வீடு எந்தத் தெருவில் இருந்தது, எந்தக் கொல்லையில் எந்த மரம் நின்றது, கிளம்பும்போது எதை எடுத்துக்கொண்டார்கள், குலசாமியை என்ன செய்தார்கள். புது இடத்தில் முதல் மழைவரை எங்கே படுத்தார்கள், கிணற்றில் எத்தனை ஆள் ஆழத்தில் தண்ணீர் வந்தது. இழப்பீட்டுப் பணம் வந்த நாளில் அதை எண்ணியவர் யார், வீட்டில் யாரிடம் யோசனை கேட்டார்கள். அவள் எந்த வகுப்போடு படிப்பை விட்டாள், எந்த வயதில் எந்த ஊருக்குக் கட்டிக்கொடுத்தார்கள், விடுதலைப் பத்திரத்தில் எந்த ஆண்டு கைநாட்டு வைத்தாள், அன்று அவளிடம் என்ன சொன்னார்கள். இவற்றோடு வருவாய்த்துறையின் இழப்பீட்டுத் தீர்ப்புப் பட்டியல்களையும் ஊர் ஊராக ஒப்பிட்டால், எத்தனை மகள்களின் பங்கு எந்த ஆண்டில் எப்படிக் கைமாறியது என்பதைப் பெயர் பெயராகச் சொல்ல முடியும்.